ஃபுல்சம்: புகழ்கிறதா, குத்துகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சங்க ஆண்டு மலர், பிரியாவிடை விருந்து, பள்ளிப் பரிசளிப்பு விழா என்று ஆங்கிலத்தில் நன்றி சொல்ல வேண்டிய இடங்களில் எல்லாம் 'ஃபுல்சம்' என்ற இந்த ஆங்கிலச் சொல் எப்படியோ தலைகாட்டிவிடுகிறது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அப்படிப்பட்ட உரைகளை எழுதுகிறவர்கள், திருத்துகிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறோம்.

ஃபுல்சம்னா 'முழுமனசா'ன்னுதானே அர்த்தம்?

இல்லை. 'ஃபுல்சம் பிரேய்ஸ்' என்றால், கேட்கிறவருக்கே கூச்சமும் எரிச்சலும் வருகிற அளவுக்கு மிகையான புகழ்ச்சி என்றுதான் கவனமான வாசகர் எடுத்துக்கொள்வார். அளவு மீறியதோடு, உள்ளே உண்மை இல்லையோ என்ற சந்தேகத்தையும் அது கிளப்பும். 'தலைவரின் ஃபுல்சம் பேச்சு' என்று நீங்கள் எழுதினால், தலைவர் யாருக்கோ மேடையிலேயே ஐஸ் வைத்தார் என்று அர்த்தமாகிவிடும்.

சொல்லுக்குள் 'ஃபுல்' தெரிவதால் மனம் நிறைந்த, நிறைவான என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பொருளும் அடியோடு இல்லாமல் இல்லை. அதைக் கீழே அகராதி பற்றிய கேள்வியில் பார்ப்போம்.

ஸ்பெல்லிங்கில் ரெண்டு எல்லா, ஒரு எல்லா?

ஒன்றுதான். எஃப், யூ, எல், எஸ், ஓ, எம், ஈ. தனியாக நிற்கும்போது 'ஃபுல்' இரண்டு எல் வாங்கும். கூட்டுச் சொல்லில் ஒன்றை விட்டுவிடும். ஹோப்ஃபுல், ஸ்கில்ஃபுல் எல்லாம் இப்படித்தான். இரண்டு எல் போட்டு எழுதுகிறவர் பெரும்பாலும் 'முழுமையான' என்ற பொருளை மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார். திருத்துகிறவருக்கு இது நல்ல துப்பு.

உச்சரிக்கும்போது அழுத்தம் முதல் அசையில். கடைசியில் 'சோம்' என்று இழுக்கக் கூடாது, 'சம்'. ஹேண்ட்சம் சொல்கிற மாதிரியே.

'ஃபுல்' நல்ல சொல்லாச்சே, எப்படி இப்படிக் கெட்டுப்போச்சு?

வயிறு வழியாக. 'ஃபுல்' என்பதோடு 'சம்' என்ற ஈறு சேர்ந்தது. அந்த ஈறுக்கு 'அந்தத் தன்மை உடைய' என்று பொருள்: டயர்சம், லோன்சம். ஜெர்மன் மொழியில் 'சாம்' என்று முடியும் சொற்கள் இதற்கு உறவு. 'ஐன்சாம்' என்றால் தனிமையான. 13ஆம் நூற்றாண்டின் நடுவில் ஃபுல்சம் பிறந்தபோது அதற்கு ஏராளமான, நிறைந்த என்று மட்டுமே பொருள். திட்டும் கிடையாது, குத்தலும் கிடையாது.

அடுத்த நூற்றாண்டில் அது உடம்புக்கு ஏறியது: நன்றாகத் தின்று கொழுத்த. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கொழுப்பு திகட்டலாகி, குமட்டல் வரை போய்விட்டது. 15ஆம் நூற்றாண்டில் நாகரிகமில்லாத பேச்சுக்கும் அதே சொல்லைப் போட்டார்கள். 1660களில் முகஸ்துதிக்கு வந்து சேர்ந்தது. ஷேக்ஸ்பியரின் 'டுவெல்ஃப்த் நைட்' நாடகத்தில் ஓர்சினோ பிரபு காதல், காதல் என்று விடாமல் படிக்கும் பழைய பாட்டு தன் காதுக்குக் கொழுத்து, ஃபுல்சம் ஆகிவிட்டது என்கிறாள் ஒலிவியா. சாப்பாட்டுச் சொல் காதுக்கு மாறுகிற இடத்தை அதில் கண்ணெதிரே பார்க்கலாம்.

தமிழருக்கு இது புரியச் சிரமமே இல்லை; நம்மிடம் 'தெவிட்டு' இருக்கிறது. பால்கோவாவை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கரண்டி அமிர்தம். மூன்றாவது கரண்டியில் தொண்டை அடைக்கும். ஐந்தாவதில் தட்டைத் தள்ளிவைப்போம். கரண்டிக்குக் கரண்டி இனிப்பு கூடவில்லை, அதேதான். இடையில் காரமோ புளிப்போ இல்லாததுதான் கோளாறு. ஃபுல்சம் புகழ்ச்சியின் கோளாறும் இதுவே.

'ஃபவுல்' என்ற சொல்லிலிருந்து வந்ததுன்னு சொல்றாங்களே?

பிறப்பு அங்கே இல்லை. ஒலி நெருக்கத்தால் 'ஃபவுல்' தரும் அழுக்கு, நாற்றம் என்ற நிழல் இதன் மீதும் விழுந்திருக்கலாம், அவ்வளவே. தாய் 'ஃபுல்'தான்.

தமிழில் ஒரே சொல்லில் என்ன போடுவது?

ஒரே சொல்லில் முடிக்கப் பார்ப்பதால்தான் சிக்கல். ஃபுல்சம் ஒரு பெயரடை. அது புகழ்ச்சியின் தரத்தைச் சொல்கிறது. முகஸ்துதி, இச்சகம், துதிபாடல் எல்லாம் பெயர்ச்சொற்கள். அவை செயலைச் சொல்கின்றன. 'ஃபுல்சம் பிரேய்ஸ்' என்ற இரண்டு சொல்லையும் சேர்த்து 'முகஸ்துதி' என்று போட்டால் பல இடத்தில் பொருந்தும். 'ஃபுல்சம்' மட்டும் வேண்டுமானால் 'திகட்டும்', 'அளவுமீறிய', 'மிகையான'. எங்கள் ஓட்டு 'திகட்டும்' என்பதற்கு. மூலச் சொல்லின் வயிற்றுக் கதையையும் அது தாங்குகிறது.

'இச்சகம்' இன்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் வாயில்தான் அதிகம் புழங்குகிறது, விவிலிய மொழிபெயர்ப்பில் இருப்பதால். நல்ல சொல், துருப்பிடிக்க விடக் கூடாது. பேச்சு வழக்குக்கு வந்தால் நமக்குப் பஞ்சமே இல்லை: ஐஸ் வைப்பது, சோப்பு போடுவது, ஜால்ரா அடிப்பது, காக்கா பிடிப்பது, கூஜா தூக்குவது. 'கால் கை பிடிப்பது' தேய்ந்துதான் 'காக்கா பிடிப்பது' ஆனது என்பது பரவலான விளக்கம். ஆங்கிலத்திலும் முகஸ்துதிக்கு 'சாஃப்ட் சோப்' என்று பெயர் உண்டு. வழுக்கும் பொருளை எந்த ஊரிலும் புகழ்ச்சியோடுதான் சேர்த்திருக்கிறார்கள்.

என் அகராதியில் 'தாராளமான' என்றும் போட்டிருக்கே, அப்போ நீங்க சொல்றது தப்பா?

இரண்டும் சரி, அதனால்தான் ஆபத்து. மெரியம் வெப்ஸ்டர் போன்ற அகராதிகள் ஏராளமான என்ற பொருளையும் பதிவுசெய்கின்றன, திகட்டுகிற என்ற பொருளையும் பதிவுசெய்கின்றன. பழைய நல்ல பொருள் பல நூற்றாண்டு ஒதுங்கிக் கிடந்து, 1960களிலிருந்து மறுபடி பெருகியது. ஒரு சொல்லை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்வது அகராதியின் வேலை. உங்கள் விருந்தினர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று அது சொல்லாது.

அமெரிக்க நடைக்கையேட்டு ஆசிரியர் பிரையன் கார்னர் இப்படி இரண்டுங்கெட்டான் நிலையில் நிற்கும் சொற்களுக்கு ஒரு பெயர் வைத்தார்: ஸ்கங்க் என்ற நாற்றப் பிராணி தீண்டிய சொற்கள். ஃபுல்சமைத் திகட்டல் என்ற பொருளில் எழுதினால் பாதிப் பேருக்குப் புரியாது, தாராளம் என்ற பொருளில் எழுதினால் மீதிப் பேர் முகம் சுளிப்பார்கள். இரண்டு பக்கமும் அடி விழும் சொல்லை ஒதுக்கிவைப்பதே மேல் என்பது அவர் ஆலோசனை. எங்களுடையதும் அதுவே.

மலரில் 'ஃபுல்சம் தேங்க்ஸ் டு டத்தோ'ன்னு போட்டுட்டோம். இப்போ என்ன செய்யறது?

அச்சுக்குப் போகவில்லை என்றால் கோப்பைத் திறந்து கண்ட்ரோல்-எஃப் போட்டுத் தேடுங்கள். 'ரீப்ளேஸ் ஆல்' அழுத்தாதீர்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற வேண்டும், ஏனென்றால் முன்னால் நிற்கும் 'எ', 'ஆன்' இடறும். ஃபுல்சமுக்கு 'எ' வரும். அந்த இடத்தில் 'எஃப்யூசிவ்' போட்டால் 'ஆன்' ஆக வேண்டும். 'வார்ம்', 'ஜெனரஸ்' போட்டால் தொல்லை இல்லை. பொருளடக்கம், படங்களின் கீழ்க்குறிப்பு, அட்டையின் உள்பக்கம் மூன்றையும் தனியாகப் பாருங்கள். படமாகச் செருகிய பக்கங்களில் தேடல் வேலை செய்யாது.

அச்சாகிவிட்டது என்றால் ஸ்டிக்கர் ஒட்டிக் காட்டிக்கொடுக்க வேண்டாம். 'தேங்க்ஸ்' என்ற சொல்லுக்கு முன்னால் நிற்பதால் பெரும்பாலோர் நல்ல பொருளிலேயே படித்துவிடுவார்கள். மின்பதிப்பு இருந்தால் அதை மட்டும் திருத்துங்கள். அறிவிப்பாளர் கையில் இருக்கும் தாளில் பேனாவால் அடித்து 'வார்ம்' என்று எழுதிக்கொடுங்கள். மேடையில் ஒலிப்பதுதான் காதில் நிற்கும்.

சரி, மனசார வாழ்த்தணும்னா எந்தச் சொல்?

நன்றிக்கு 'ஹார்ட்ஃபெல்ட்', 'வார்ம்'. பாராட்டுக்கு 'ஜெனரஸ்', 'க்ளோவிங்' (ஜி எழுத்தில் தொடங்குவது, ஒளிர்கிற என்று பொருள்). குறை வைக்காமல் கொடுத்த ஆதரவுக்கு 'அன்ஸ்டின்டிங்'. 'லேவிஷ்' கொஞ்சம் ஆடம்பரம். விருந்துக்குப் பொருந்தும், பாராட்டில் அளவறிந்து போடுங்கள். 'எஃப்யூசிவ்' என்றால் உணர்ச்சி பொங்கி வழிகிற. கெட்ட சொல் இல்லை, ஆனால் 'கொஞ்சம் அதிகம்தான்' என்ற புன்னகை அதில் ஒட்டியிருக்கும். 'அங்க்சுவஸ்' வேண்டவே வேண்டாம். தைலம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்து, எண்ணெய் வழியப் பேசுகிறவரைக் குறிக்கிறது.

மேடையில எல்லார் பட்டத்தையும் வரிசையா சொல்றதும் ஃபுல்சம்தானா?

அது மரபு, புகழ்ச்சி அல்ல. மாண்புமிகு, யாங் பெர்பஹாகியா டான்ஸ்ரீ, டத்தோ என்று வரிசைப்படி விளிப்பது நம் நாட்டு விழா ஒழுங்கு. அதைக் குறைத்தால்தான் குறையாகப் பார்ப்பார்கள். விளிப்பு முடிந்த பிறகும் ஒவ்வொரு பத்தியிலும் அதே பட்டத்தோடு 'ஒப்பற்ற', 'தன்னிகரற்ற' சேர்த்துக்கொண்டே போனால், அப்போது திகட்டல் ஆரம்பிக்கும்.

'ஃபுல்சம் அபாலஜி'ன்னு செய்தியில வருதே, அது என்ன?

பிரிட்டிஷ் அரசியல் செய்திகளில் அடிக்கடி வரும் தொடர். சொல்கிறவர் 'மழுப்பாத முழு மன்னிப்பு' என்ற பொருளில்தான் சொல்கிறார். திகட்டல் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டிருப்பவர் காதில் அது 'வழிந்து வழிந்து கேட்ட போலி மன்னிப்பு' என்று விழும். நிறுவனத்தின் சார்பில் கடிதம் எழுதுகிறீர்கள் என்றால் 'ஃபுல் அபாலஜி' அல்லது 'அன்ரிசர்வ்ட் அபாலஜி'. மன்னிப்புக் கடிதத்தில் இரட்டைப் பொருள் ஆகாது.

ஃபிளாட்டரி, அடுலேஷன், சிகோஃபன்ட், டோடி எல்லாம் ஒண்ணுதானே?

உறவுக்காரர்கள், ஆனால் வீடு வேறு. 'ஃபிளாட்டர்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. கையால் தடவிக்கொடுப்பது என்பது அதன் அடிப்பொருளாகச் சொல்லப்படுகிறது. காரியம் ஆகும்வரை முதுகைத் தடவுவது. 'அடுலேஷன்' லத்தீன், நாய் வாலாட்டிக் குழைவதற்கும் அந்த வினையைப் பயன்படுத்தினார்கள். இன்று அது ரசிகர் கூட்டத்தின் கண்மூடித்தனமான ஆராதனையைக் குறிக்கிறது. கூட்டம் பொய் சொல்வதில்லை, நிஜமாகவே மயங்கிக் கிடக்கிறது. ஃபிளாட்டரியில் மயக்கம் கிடையாது, கணக்குத்தான் உண்டு. இதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

'சிகோஃபன்ட்' கிரேக்கச் சொல். பிரித்தால் 'அத்திப்பழத்தைக் காட்டுகிறவர்'. ஏதென்ஸில் அது முகஸ்துதிக்காரரைக் குறிக்கவில்லை. ஆதாயத்துக்காக அடுத்தவர் மேல் வழக்குப் போடுகிறவரைக் குறித்தது. திருட்டுத்தனமாக அத்திப்பழம் ஏற்றுமதி செய்தவர்களைக் காட்டிக்கொடுத்ததால் வந்த பெயர் என்ற பழைய கதையை இன்றைய அறிஞர்கள் அவ்வளவாக நம்புவதில்லை. ஆங்கிலத்துக்கு வந்து 16ஆம் நூற்றாண்டிலேயே அது மேலிடத்துக்கு ஜால்ரா அடிப்பவர் ஆகிவிட்டது. கோள் சொல்கிறவரும் ஜால்ரா அடிப்பவரும் ஒரே ஆள்தான் என்பது அலுவலகம் போகிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மொழி அதைப் பதிவுசெய்திருக்கிறது.

எல்லாவற்றிலும் வேடிக்கை 'டோடி'. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சந்தையில் போலி மருந்து விற்பவரோடு ஒரு எடுபிடி இருப்பான். விஷம் என்று ஊர் நம்பிய தேரையை அவன் தின்ன வேண்டும், அல்லது தின்பதாக நடிக்க வேண்டும். எஜமான் மருந்து கொடுத்து அவனைப் 'பிழைக்க வைப்பார்'. 'டோட் ஈட்டர்', அதாவது தேரை தின்னி என்ற பெயர் சுருங்கி 'டோடி' ஆனது. எஜமானுக்காகத் தேரையையும் விழுங்குகிறவன்.

ஃபுல்சம் இந்த வரிசையில் சேராது. மற்றவை ஆளையோ செயலையோ சொல்கின்றன. ஃபுல்சம் அந்தப் புகழ்ச்சி கேட்கிறவர் காதில் எப்படி இறங்குகிறது என்பதைச் சொல்கிறது. சொன்னவர் உண்மையாகவே மனமுருகிச் சொல்லியிருந்தாலும், அது திகட்டினால் ஃபுல்சம்தான்.

மலாயில் 'போடெக்', 'ஆம்பு' சொல்றோமே, அதுதானா?

அவை ஃபிளாட்டரி பக்கம். 'ஆம்பு' என்பதற்கு அடியிலிருந்து தாங்கிப் பிடிப்பது என்ற பொருளும் உண்டு; மேலே இருப்பவரை உள்ளங்கையில் ஏந்துவது கண்ணுக்குத் தெரிகிறது. 'காக்கி போடெக்' என்றால் நம் ஜால்ரா. தன்னைத் தானே புகழ்வதற்கு மலாயில் அருமையான பழமொழி இருக்கிறது: கூடைக்குள் தானே உட்கார்ந்து தானே தூக்குவது. ஃபுல்சம் என்ற பெயரடைக்கு மலாயில் 'பெர்லெபிஹ்-லெபிஹான்' என்று எழுதினால் அளவுமீறல் வந்துவிடும், குமட்டல் வராது.

அப்படிப் பார்த்தா நம்ம மெய்க்கீர்த்தி எல்லாமே ஃபுல்சம்தானே?

நல்ல கேள்வி. அரசனைப் புகழ்வதற்கென்றே எழுதிய இலக்கிய வகைக்கு ஆங்கிலத்தில் 'பெனெஜிரிக்' என்று பெயர். கிரேக்கத்தில் ஊர்கூடிய விழாவில் ஆற்றும் உரை. மெய்க்கீர்த்தியை அந்தப் பெயரால் அழைப்பதே சரி. அது வகையின் பெயர், குறை சொல்லும் சொல் அல்ல.

முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியைப் பாருங்கள். அலைகடல் நடுவே பல கலங்களைச் செலுத்தி, கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை வென்றதைச் சொல்கிறது. ஸ்ரீவிசயம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் என்று ஊர் ஊராக அடுக்கிக் கடாரத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. பினாங்கிலிருந்து பார்த்தால் கண்ணெட்டும் தூரத்துக் கெடாதான் அந்தக் கடாரம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. 1025 வாக்கில் நடந்த அந்தப் படையெடுப்பைப் பற்றி எழுதுகிற வரலாற்று ஆசிரியர்கள் இந்தப் புகழ்ச்சியைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். மிகை அதில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் இருப்பதால் புகழ்ச்சிக்குப் பிடிமானம் இருக்கிறது, ஆயிரம் ஆண்டு கழித்தும் படிக்க முடிகிறது.

நாங்க எழுதின பாராட்டுரை திகட்டுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரு பென்சிலை எடுத்துப் பெயரடைகளுக்கு எல்லாம் கீழே கோடு போடுங்கள். பிறகு அந்தப் பத்தியில் அவர் செய்த காரியங்களை, வேறு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தாத காரியங்களை, வட்டமிடுங்கள். கோடு எட்டு, வட்டம் பூஜ்யம் என்றால் அது ஃபுல்சம். ஓய்வுபெறும் தலைமையாசிரியைக்கு 'ஈடு இணையற்ற, தன்னலமற்ற, ஒளிவிளக்காய்த் திகழ்ந்த' என்று எழுதினால் அதை அடுத்த ஆண்டு வேறொருவருக்கும் வாசிக்கலாம். 'மழை நாளில் கடைசிப் பிள்ளையின் பஸ் வரும்வரை வாசலில் குடையோடு நிற்பார்' என்று எழுதினால் அது அவருக்கு மட்டும்தான். முதல் வரிக்கு மண்டபம் கைதட்டும், இரண்டாவது வரிக்குப் பெற்றோர் கண் கலங்கும்.

மூன்று நிமிட ஆங்கில உரைக்கு 350 சொல் போதும். ஆளுக்கு ஒரு பெயரடை, ஒரு காரியம். 'மோஸ்ட்', 'எவர்' இரண்டையும் உரை முழுக்க ஒரே முறைக்கு மேல் விடாதீர்கள். வேலைக்கான பரிந்துரைக் கடிதத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். அங்கே திகட்டல் சிரிப்போடு போகாது, படிக்கிற அதிகாரி எதையோ மறைக்கிறார்கள் என்று நினைப்பார்.

மொழிபெயர்க்க வந்த செய்தியில 'ஃபுல்சம் பிரேய்ஸ்' இருக்கு. எந்தப் பொருளை எடுக்கறது?

முதலில் சுற்றியுள்ள சொற்களைப் பாருங்கள். 'எம்பராசிங்' (கூச்சப்படுத்துகிற), 'சர்வைல்' (அடிமைத்தனமான) மாதிரி ஏதாவது அருகில் இருந்தால் 'திகட்டும்'. 'வெல் டிசர்வ்ட்' இருந்தால் 'தாராளமான'. அடுத்து, யார் வாயில் வந்தது என்று பாருங்கள். பேச்சாளர் தன் பேச்சைப் பற்றித் தானே சொன்னால் நல்ல பொருள்தான். எவரும் தன்னையே ஜால்ரா என்று சொல்லிக்கொள்ள மாட்டார். விமர்சனக் கட்டுரை எழுதுகிறவர் சொன்னால் குத்தல் என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் பிடிபடவில்லை என்றால் 'மிகுந்த பாராட்டு' என்று எழுதுங்கள். 'மிகுந்த' இரண்டு பக்கமும் சாயக்கூடிய சொல். மூலத்தில் உள்ள மயக்கத்தை நீங்களாகத் தீர்த்துவைத்தால், அது ஒருவர் சொல்லாததைச் சொன்னதாக ஆகும்.

பரீட்சைக் கட்டுரையில இந்தச் சொல்லைப் போட்டால் நல்லாயிருக்குமா?

பொருள் தெரிந்து, குத்தலாகப் போட்டால் நன்றாக இருக்கும். பெரிய சொல் என்பதற்காகப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். இதே மாதிரி இன்னொரு கண்ணி 'நாய்சம்'. சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 'அனாய்' என்பதன் தேய்ந்த வடிவத்தோடு, மேலே சொன்ன அதே 'சம்' ஈறு சேர்ந்தது. நாற்றமடிக்கிற என்று பொருள். 'நாய்சம் கிளாஸ்ரூம்' என்று எழுதிய மாணவர் வகுப்பே நாறுகிறது என்று எழுதிவிட்டார்.

என்னைப் பத்தி ஒருத்தர் 'ஃபுல்சம்'னு எழுதிட்டார். கோபப்படணுமா?

மொழிபெயர்ப்புக் கேள்விக்குச் சொன்ன அதே சோதனையைச் செய்யுங்கள். அவர் உங்கள் ஆதரவுக்கு நன்றி சொல்கிற கடிதத்தில் 'ஃபுல்சம் சப்போர்ட்' என்று இருந்தால் அவர் 'முழு ஆதரவு' என்றுதான் நினைத்து எழுதியிருக்கிறார். ஸ்பெல்லிங்கில் இரண்டு எல் இருந்தால் அதில் சந்தேகமே வேண்டாம். நீங்கள் ஒருவரைப் பாராட்டிப் பேசியதை மூன்றாம் நபர் 'ஃபுல்சம்' என்று எழுதியிருந்தால், உங்கள் உரையின் பிரதியை எடுத்து வையுங்கள், பென்சிலைத் தேடுங்கள்.